தரைக்கு எதிராக ஒரு பிராது

என் மேசை மேல் ஒரு பீங்கான் துண்டு இருக்கிறது. டீ கப் ஒன்றின் காதும், அந்தக் காது ஒட்டியிருந்த இடத்தில் கொஞ்சம் சுவரும். வெள்ளை நிறம். ஒரு ஓரம் மட்டும் இன்னும் கத்தி போல இருக்கிறது. காகிதம் பறக்காமலிருக்க வைத்திருப்பதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியரின் மேசையில் பறக்கும்படியான காகிதம் எதுவும் இல்லை என்பதை இதுவரை யாரும் சுட்டிக்காட்டவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் துண்டு ஒரு அதிசயமும் இல்லை. செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் மழை பெய்தால் மண்ணுக்குள்ளிருந்து பொம்மைத் தலையும் சாசரும் எழுந்து வரும். ஆனாலும் இந்தத் துண்டைத் தூக்கிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. விதிமுறைப்படி வாழ்ந்த மனிதனுக்கு வரக் கூடாத ஒரு பயம் இதைத் தொடும்போதெல்லாம் வருகிறது.

இதை என்னிடம் கொடுத்தவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அம்மா. கணவர் இல்லை. ஒரே மகள். ஒரு செராமிக் யூனிட்டில் கப்புகளுக்குக் காது ஒட்டுவது அவருடைய வேலை. ஈரம் காயாத கப்பில் களிமண் குழம்பைத் தொட்டுக் காதை வைத்து, கட்டைவிரலால் கீழே ஒரு அழுத்து அழுத்துவார். அந்த அழுத்தலில் காதின் அடியில் சின்னதாக ஒரு குழி விழும். சூளையில் வெந்து வந்த பிறகும் அது இருக்கும். பாலக்கரை டீக்கடையில் டீ குடித்தால் கப்பைக் கவிழ்த்து, தூக்கி, அந்தக் குழியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கையி" என்பார். அல்லது, "இது யாரோ ஒட்டனது, நாளைக்கே கழண்டுக்கும்" என்பார். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

மகளுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் தெருப் பெண்கள் சேர்ந்து கிரிக்கெட் ஆடுவார்கள். மனையின் ஒரு பக்கம் உடைசல் மேடு. சூளையில் வெடித்ததையும் கோணியதையும் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. பந்து அங்கே போனால் ரெண்டு ரன், யாரும் பின்னால் ஓடக் கூடாது. கீழே விழக் கூடாது. விழுந்தால் விழுந்தவளே அவுட். நான் அலுவலகம் விட்டு வரும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த விதிகளை வியந்திருக்கிறேன். அரசாணைகளில்கூட அவ்வளவு தெளிவை நான் கண்டதில்லை. ஒவ்வொருத்தியும் நிற்கப் போகும் இடத்தைச் செருப்பின் ஓரத்தால் இரண்டு தள்ளு தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நிற்பாள்.

ஒரு நாள் மாலை பந்து உயரே போனது. மாடிவீட்டுப் பெண் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் ஓடி, மேட்டில் ஏறி, அதைப் பிடித்தாள். பிடித்துவிட்டுத்தான் விழுந்தாள். மற்றப் பெண்கள் துப்பட்டாவைக் கையில் சுற்றி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது துப்பட்டாவின் நிறம் எதுவென்று சொல்ல முடியவில்லை. அரசு மருத்துவமனையில் சீட்டு எங்கே வாங்குவது, எந்த அறைக்கு முதலில் போவது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால் தாமதம் ஆகவில்லை. இடது உள்ளங்கையில் நீளமான கிழிசல். நரம்பு ஒரு நூல் இடைவெளியில் தப்பியது என்றார் டாக்டர். கையில் குத்தி நின்ற துண்டைப் பெண்களில் ஒருத்தி பத்திரமாக எடுத்து வந்திருந்தாள். மாடிவீட்டு அம்மா களிமண் காயாத கையோடு ஓடி வந்தார். மகளைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். காதின் அடியில் கட்டைவிரலை வைத்தார். விரல் அந்தக் குழியில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"சார், இது எங்கையி" என்றார். தையல் போட்டு முடியும்வரை விரலை அந்தக் குழியிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. தீராத வழக்கையெல்லாம் அங்கே பிராதாக எழுதிக் கொடுப்பார்கள். குருக்கள் அதைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுப்பார்; வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்ததும், அல்லது மனம் மாறினாலும், நேரில் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்க வேண்டும். எங்கள் தாலுகா அலுவலகத்தைவிட அங்கே மனு சீக்கிரம் தீரும் என்று ஜனங்கள் நம்பினார்கள். மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. மாடிவீட்டு அம்மா அங்கே போய்க் கட்டிவிட்டு வந்து, எழுதியதை எனக்கு ஒப்பித்துக் காட்டினார். என் பொண்ணு தரையில் விழக் கூடாது. மீறி விழுந்தால் அவளுக்கு வருவது எனக்கு வரட்டும். கட்டுவதற்கு முன்பு மகளுக்கும் இதைப் படித்துக் காட்டியிருந்தார்.

"எந்தத் தரைன்னு எழுதலையேம்மா. எத்தனை காலத்துக்குன்னும் இல்ல" என்றேன். ஒரு மனுவைக் கேட்டால் ஓட்டை கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கம்.

"அதெல்லாம் சாமிக்குத் தெரியாதா சார்?" என்றவர், முந்தானையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினார். "வூட்ல வெச்சிக்க முடியல. தூக்கிப் போடவும் கை வரல. நீங்க கவர்மென்ட் ஆளு, பத்தரமா வைப்பீங்க."

அந்தப் பெண் வளர்ந்தாள். மாவட்டம், மாநிலம் என்று போய், பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டியில் நாட்டு அணியிலேயே இடம் பிடித்தாள். வெளிநாட்டு மைதானத்தில், மெத்தை போட்டது போன்ற புல்லில், நிற்பதற்கு முன் ஷூவின் ஓரத்தால் இரண்டு தள்ளு தள்ளினாள். வர்ணனையாளர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று புகழ்ந்தார்கள். என் வீட்டு டிவி முன்னால், நாற்காலி போட்டும் தரையிலேயே உட்கார்ந்திருந்த அவள் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மற்றப் பெண்கள் பந்துக்காக விழுந்து புரண்டு எழுந்தார்கள். இவள் விழவில்லை. ஒரு லீக் ஆட்டத்தில் பந்து ஒரு கை தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. உற்சவத்தில் சாமி கூடவே போகிறவளைப் போல எல்லைக் கயிறு வரை அதன் பக்கத்திலேயே ஓடி, அதை வழியனுப்பி வைத்தாள். நான்கு ரன். வர்ணனையாளர் இந்த முறை ஸ்டைல் என்று சொல்லவில்லை.

அரையிறுதிக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் போன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"நாளைக்கும் இப்படி வுட்டன்னா அவ்ளோதாம்மா. பெஞ்சுல உக்கார வெச்சிருவாங்க. அப்புறம் எவளும் கூப்புட மாட்டா. கோச் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க."

"வுழுடி. ஒண்ணும் ஆவாது."

"பிராதைக் கட்டி வெச்சிட்டு வுழுன்னு சொல்றியே, நல்லா இருக்குது. எனக்கு ஆவாதும்மா. உனக்குத்தான் ஆவும். நீ மொதல்ல ராஜினாமா பண்ணு, பண்ணிட்டு எனக்குச் சொல்லு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சார் தாத்தா, நீங்க கூடப் போயி கரெக்டா பண்ணிக் குடுங்க. இந்தம்மா அரைகுறையா எதுனா எழுதி வெச்சிடும்" என்றாள்.

மறுநாள் காலையில் நாங்கள் டவுன் பஸ் பிடித்தோம். அன்று முகூர்த்த நாள். கோயில் முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகள். மனு வாங்கும் இடத்தில் இருந்தவர், "வேண்டுனது நடந்துடுச்சுங்களா?" என்று கேட்டார்.

"நடந்துட்டுதான் இருக்குது. இனிமே நடக்கக் கூடாதுங்க" என்றார் அம்மா.

"அப்போ எதிர்த் தரப்போட சமாதானமாப் போறீங்களா? எதிர்த் தரப்பு யாரு?"

"தரை."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். என் பணிக்காலத்தில் இதைவிட விசித்திரமான எதிர்மனுதாரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுதிக்கொடுத்ததை அம்மா குருக்களிடம் கொண்டுபோனார். குருக்களுக்கு இரண்டு பக்கமும் கல்யாணக் கூட்டம். தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, "உச்சிகாலத்துல பாதத்துல வெச்சுடறேன், போயிட்டு வாங்கோ" என்றார். காத்திருந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆட்டம் தொடங்கிவிடும். பஸ்ஸில் அம்மா மகளுக்கு போன் செய்துகொண்டே வந்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது போன். இம்மாதிரிப் போட்டிகளில் மைதானத்துக்குப் போகும்போதே வீராங்கனைகளின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சூதாட்டக்காரர்கள் நெருங்காமலிருக்க ஏற்பாடு. நல்ல விதிதான். ஒரு நல்ல விதியை நான் அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான்.

ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவள் பக்கம் பந்து வரவில்லை. அது ஒரு வேதனை. வராதே என்று வேண்டுவதா, வா என்று வேண்டுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். விழாவிட்டால் அவள் ஆட்டம் முடிந்தது. விழுந்தால், பிராது இன்னும் உயிரோடு இருந்தால், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மா. நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் டிவியை அணைத்துவிட்டால் என்ன என்று ரிமோட்டைத் தேடினேன். கடைசி ஓவரில் பந்து அவளுக்கு இடது பக்கம், தரையோடு தரையாக வந்தது. போனால் தோல்வி. அவள் ஓடினாள். ஓடும்போதே ஒரு கணம் கீழே பார்த்தாள். உடைசல் மேடு அவள் கண்ணில் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது.

விழுந்தாள். முழு உடம்பையும் நீட்டி, அந்த இடது கையை நீட்டி விழுந்தாள். பந்து கையில் நின்றது. எல்லோரும் ஓடி வருவதற்குள் அவள் மண்டியிட்டு எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். கடவுளுக்கு நன்றி சொல்கிறாள் என்றார் வர்ணனையாளர். ரத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அம்மா திரும்பினார். 

"சார், குருக்கள் வெச்சிருப்பாரா? வெக்காம இருந்தா, நாம எழுதிக் குடுத்தது செல்லுமா?"

பாதத்தில் வைத்தால்தான் செல்லும். எந்த அலுவலகத்திலும் அதுதான் முறை. மனு கொடுப்பது வேறு, உத்தரவாவது வேறு. பணிக்காலம் முழுவதும் எத்தனையோ ஏழை முகங்களைப் பார்த்து இதை நான் சலிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

"செல்லும்மா" என்றேன். "மனுவைக் கையில் வாங்கின நிமிஷத்திலிருந்தே அமல். அதான் ரூல்."

அப்படி ஒரு ரூல் கிடையாது. அவர் நம்பினார். ரூல் விஷயத்தில் நான் தப்பாகச் சொல்ல மாட்டேன் என்பது தெருவுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஜெயித்த செய்தியைக்கூட அவள் சொல்லவில்லை.

"அம்மா, வுழுந்துட்டேம்மா. உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கறேன். காலையிலயே ராஜினாமா பண்ணியாச்சு. சார் ரூல் சொல்லிட்டாரு. கைய எங்க, காட்டு."

வீடியோவில் ஒரு உள்ளங்கை திரை முழுவதும் வந்தது. பழைய தழும்பும் புதிய புல் கறையும்.

மறுநாள் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். குருக்களுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "கூட்டத்துல மறந்தே போச்சு. சாயரட்சையிலதான் வெச்சேன். அதனால என்ன, வெச்சாச்சே" என்றார். அவள் விழுந்தது மத்தியானம். சாயரட்சை அதற்குப் பிறகு.

அன்றிலிருந்து நான் பயந்த பயம் இருக்கிறதே, அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாடியில் அம்மா இருமினால் காதைத் தீட்டிக்கொள்வேன். படி இறங்கும் சத்தத்தில் ஒரு தடுமாற்றம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பயம் அவரையும் பிடித்துக்கொள்ளும். பிறகு மகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. அம்மாவையும் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனாள். இப்போது மாடி பூட்டிக் கிடக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று முறை போனில் நலம் விசாரிக்கிறேன். "என்னா சார், எப்பப் பாத்தாலும் ஒடம்பையே கேக்கறீங்க? பொம்பளைங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்று சிரிக்கிறார்.

அவரிடம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. தனியாகப் போன அன்று கோயிலை விட்டு நான் உடனே கிளம்பவில்லை. மனு வாங்குமிடத்தில் உட்கார்ந்து என் கையாலேயே ஒரு பிராது எழுதினேன். முந்தைய நாள் ராஜினாமா பாதத்தில் வைக்கத் தாமதமானதற்கு மனுதாரர் பொறுப்பல்ல. காத்திராமல் அழைத்து வந்தது நான். அந்த இடைவெளியில் நடந்த விழுகைக்கு ஏதேனும் வர வேண்டியிருந்தால், அது இதில் கையெழுத்திட்டிருக்கும் எனக்கு வர வேண்டியது. எந்தத் தரை, எந்த நாள், எல்லாம் குறிப்பிட்டேன். ஓட்டை இல்லாத மனு. குருக்கள் பாதத்தில் வைக்கும்வரை நின்று கண்ணால் பார்த்துவிட்டு, வேலில் கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

போன மாதம் பூட்டிய மாடியைப் பெருக்கிவிட்டு இறங்கும்போது கடைசிப் படியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கைதான். மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒரே சிரிப்பு. நர்ஸ், "வலி இல்லீங்களா தாத்தா?" என்று கேட்டார். நல்ல வலி. கணக்கு இதோடு முடிந்ததா, பாக்கி இருக்கிறதா என்று எங்கிருந்தும் தகவல் இல்லை. அதனால் ராஜினாமா செய்யவில்லை. கட்டுப் போட்ட கையால் இதை எழுதும் தாளை அழுத்திக்கொள்ள முடியவில்லை. அந்தப் பீங்கான் துண்டைத்தான் தாளின் மேல் வைத்திருக்கிறேன். இப்போதாவது அதற்கு ஒரு வேலை இருக்கிறது.