மூன்று நாக்குத் தீப்பந்தம்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ரிங்லெட் டவுனில் கடைவீடு கட்டினேன். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பூந்தோட்டம் போட்டேன். சேற்று வெள்ளம் வந்து மூடியது, தோண்டியெடுத்து மறுபடியும் போட்டேன். கடன் தரமாட்டேன் என்ற பேங்க் மேனேஜரால் இன்று என் லோரி வழிவிட்டால்தான் வீட்டுக்குப் போக முடியும். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். நான் முதன்முதலில் செய்த பொருள் எதுவென்றுதான் தெரியாது.

அது தேயிலைத் தோட்டத்து விளையாட்டு விழாவின் தீப்பந்தம்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். தாய்மாமா தேயிலை ஆலைப் பட்டறையில் தற்காலிக வேலையில் இருந்தார். நிரந்தரமாக்க வேண்டியவர் தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி. அவர் மாமாவைக் கூப்பிட்டு, விழாவுக்கு ஒரு பந்தம் செய், தோட்ட மேனேஜர் துரை முன்னால் அணையாமல் வந்து சேரவேண்டும் என்றார். எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

மாமா இரும்புக் குழாயின் தலையில் பால் டின்னைப் பொருத்தி, மண்ணெண்ணெய்த் துணி திணித்துக் கொளுத்தினார். வாசலைத் தாண்டியதும் மலைக்காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினார், மறுபடி அணைந்தது. வேலை போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் இன்னொரு பெரிய டின்னை எடுத்து, தகரக் கத்தரியால் நாக்கு நாக்காக வெட்டி, நெருப்பைச் சுற்றி மறைப்பாக நிறுத்தினேன். ஆறு நாக்கு வெட்டத்தான் நினைத்தேன். மூன்றாவதில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அதனால் மூன்று. காற்று அடித்தது, நெருப்பு நின்றது.

விழாவன்று மாமா பந்தத்தோடு ஓட, நான் பின்னால் ஓடினேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு முன்னால் அம்மா குடத்தோடு குறுக்கே வந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும் மஞ்சள் தண்ணீரோடு நின்றார்கள்.

"நில்லுடா தம்பி, காலுக்குத் தண்ணி ஊத்தணும்."

"அக்கா, இது ஸ்போர்ட்ஸ்லா! தொர காத்திருக்காரு!"

"நெருப்பு ஏந்தி வர்றவன் காலு காயலாமா? காவடிக்கு நின்னியே, இதுக்கு நிக்க மாட்டியா?"

மாமா நின்றார். வீட்டுக்கு வீடு நின்றார். காலில் தண்ணீர், குழாயில் குங்குமம், நெற்றியில் திருநீறு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இது சாமியா, விளையாட்டா? சாமி என்றால் மாமா ஏன் அரைக்கால் சட்டையில் இருக்கிறார்?

திடலில் துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியின் முகம் கறுத்திருந்தது. பந்தம் எரிந்தபடியே வந்ததும் துரை சிரித்து, இந்த மூன்றுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டார். கிராணி மைக்கைப் பிடித்தார். இரண்டு இலை, நடுவில் ஒரு கொழுந்து, நம் தோட்டத்தின் சின்னம், நானே யோசித்து வரைந்தது என்றார். ஒரே கைதட்டல். பக்கத்தில் வாத்தியார், மலாய்க்காரர், சீனர், இந்தியர், நாட்டின் மூன்று இனங்கள் என்றார். அப்பா, முருகன் வேல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன்.

"மாமா, கை கொப்பளிச்சதாலதானே மூணு?"

"வாய மூடு, மாப்ள."

என் வாயைப் பொத்திவிட்டு, கிராணி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம் மாமாவுக்கு வேலை நிரந்தரமானது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். முதல் தட்டை எனக்கே வைத்த மாமா, ஏன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அந்தப் பந்தம் இப்போது தோட்ட மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெரிய கிராணி வடிவமைத்தது என்கிறது பலகை. மாமாவுக்குச் சேரவேண்டியது அன்றே சேர்ந்துவிட்டது. கிராணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டபத்துக்காரர்களே, இலை என்றோ வேல் என்றோ எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நாக்கு வெட்டியவன் என்று என் பெயரைப் போடுங்கள். பலகைச் செலவு என்னுடையது.