இரங்கலுக்கு முன் ஒரு வழக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அண்ணன் அவர்களை நன்கு அறிந்தவர்கள். அவர் காலமாகிவிட்டார் என்று உங்களுக்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மரணத்தைப் பதிவு செய்யும் முறையெல்லாம் தெரியும்; நம்பும் முறைதான் தெரியவில்லை.

அண்ணன் நாசரேத்தில் பிறந்து, சாயர்புரத்தில் படித்து, சென்னையில் சட்டம் முடித்துத் தூத்துக்குடிக்கு வந்தார். நில வழக்கு நடத்திய வக்கீல்கள் மாடி கட்டினார்கள். அண்ணனோ, அநாதைகள் என்று சர்க்கார் விடுதிகளுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளுக்காக வாதாடினார். யுத்தகாலப் பஞ்சத்திலும் காலராவிலும் பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் எங்கேனும் ஓர் உறவு இருக்கும், தேடத்தான் யாருக்கும் பொறுமையில்லை என்பார். இந்தத் தேடலில் கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டார்.

கடைசி வழக்கு செலின் என்ற சிறுமியுடையது. சங்கு குளிப்பவரான தகப்பனாரும் தாயாரும் காய்ச்சலில் இறந்தார்கள். தாய்மாமன் மிக்கேல் கடலுக்குப் போயிருந்த சமயம், பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டவரிடம், மாமன் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். அண்ணன் காலமான நாளில்தான் விசாரணை; அன்று தீரவில்லையென்றால் மாலை ரயிலில் அவள் சென்னை விடுதிக்குப் போக வேண்டும்.

அன்று காலையில் காப்பி குடிக்கும்போது, மிக்கேல் தம் மைத்துனருக்குக் கயிறு பிடித்தவர், அதுவே அத்தாட்சி என்றார் அண்ணன். கயிறு எந்தச் சட்டத்தில் சாட்சியாகும் என்று கேட்டேன்.

"ஏலே, நீ கோர்ட்டுக்குள்ளயே கிழவனாயிட்ட. ஒரு நாளாவது சங்கு குளிக்கிறவங்க இருக்குற திரேஸ்புரம் பக்கம் போய்ப் பாரு."

சிரித்துக்கொண்டே கழுத்துப்பட்டையை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே சாய்ந்தார். டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டுத் தம் கண்ணாடியைக் கழற்றினார்.

அழ வேண்டிய நேரத்தில் நான் வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் காலமானால் தெரிவித்துக் கட்டை ஒப்படைப்பது முறை. வேறெதுவும் தோன்றவில்லை. மாஜிஸ்திரேட் எழுந்து நின்று, மறைந்தவருக்கு மரியாதையாக அன்றைக்குக் கோர்ட்டைக் கலைப்பதாகச் சொல்லத் தொடங்கினார். அதுவும் முறைதான். ஆனால் பின்பெஞ்சியில் விடுதியம்மாள், செலினின் துணிமூட்டையோடு ரயிலுக்குத் தயாராக இருந்தார். அண்ணனுக்குச் செய்யும் மரியாதையே அந்தப் பிள்ளையை ரயிலேற்றிவிடும்.

உத்தியோக காலம் முழுவதும் கேட்காமல் வாய் திறக்காதவன் நான். இரங்கல் அப்புறம் ஆகட்டும், வக்கீல் இல்லாவிட்டாலும் கட்சிக்காரர் தாமே பேசலாம் என்றேன்.

மிக்கேல் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எசமான், இவ அப்பன் சங்கு குளிக்க முங்கையில, வள்ளத்துல நின்னு அவரத் தூக்குற கயிறு பிடிச்சவன் நான்தான். பொண்டாட்டி கூடப்பிறந்தவன் கையில தவிர வேற எவன் கையிலயும் கயித்தக் குடுக்க மாட்டோம். மத்தவன் அசந்துருவான். அந்தக் கயிறுதான் எனக்கு என் தங்கச்சி தாலி."

கும்பிட்டபடி மேலும் சொன்னார்: "அவரு கடல்ல சாகல, எசமான். காய்ச்சல்லதான் போனாரு."

வெளியே நின்ற சங்கு குளியாட்களை மாஜிஸ்திரேட் தனித்தனியே அழைத்து, செலினின் தகப்பனாருக்குக் கயிறு பிடித்தது யார் என்று கேட்டார். எல்லோரும் மிக்கேலையே சொன்னார்கள். பிள்ளையை மாமனிடம் ஒப்படைக்க உத்தரவாயிற்று. அதன்பின் கோர்ட் அண்ணனுக்காகக் கலைந்தது.

ஓடிவந்த டாக்டருக்கும், இரங்கலைத் தள்ளிவைத்த மாஜிஸ்திரேட்டுக்கும், ஜெபம் செய்த குருவானவருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. இன்னும் ஒருவர் இருக்கிறார்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் கயிறு கட்டிக் குழியில் இறக்கும் நேரத்தில் மிக்கேல் என்னருகே வந்தார்.

"அண்ணாச்சி, வக்கீலய்யாவுக்கு மச்சான் உண்டுமா?"

இல்லை என்றேன்.

"அப்ப கயித்த இங்கன தாங்க."

பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் இறங்கியது.