கறுப்புத் திரை மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் ஆபீஸ் சர்வருக்கும் வினை வந்தது. பாலக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீரங்கம் வந்து உட்கார்ந்து, பஜ்ஜி ஆறுவதற்குள் மேனேஜரின் போன். பஸ் டிக்கெட் விற்கும் எங்கள் இணையதளம் பாதி படுத்துவிட்டது. மும்பையில் இருக்கும் லினக்ஸ் மெஷினில், ஒரு ஃபைலில், ஒரு வரியை மாற்ற வேண்டும்.

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. இந்த இடமாவது அமைய வேண்டும் என்று உச்சிப்பிள்ளையாருக்கு வேண்டியிருந்தார். எனக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது, அவர் வாயைத் திறக்கும்வரை.

பட்டுப்புடவையோடு லேப்டாப்பை மடியில் வைத்தேன். அந்தத் தூரத்து ஃபைல் என் எடிட்டரில் பக்கத்து அறையில் இருப்பதுபோல் திறக்கும். மவுஸால் தொட்டுத் திருத்தலாம். திருத்தினேன். சேவ் செய்வதற்குள் மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். அவரும் கம்ப்யூட்டர்காரர்.

"இதையெல்லாம் மவுஸ்லயா பண்றீங்க? வேலை தெரிஞ்சவங்க டெர்மினல்லதாங்க பண்ணுவாங்க."

அவருடைய அம்மா பதறினார். "என்னப்பா, ஏதாச்சும் தப்பா?"

"தப்பில்லம்மா. பாக்கெட் மாவு வாங்கி இட்லி சுடற மாதிரி."

அந்த அம்மாள் பார்த்த பார்வையில் என் மொத்தக் குடித்தனமும் ஃபெயில். எங்கள் வீட்டில் பாக்கெட் மாவுதான். அம்மா நைசாக நகர்ந்து ஃப்ரிட்ஜை மறைத்து நின்றாள்.

"இங்க குடுங்க" என்று மாப்பிள்ளை லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி, டெர்மினல் என்கிற கறுப்புத் திரையைத் திறந்தார். அதே மெஷின், அதே ஃபைல். மவுஸைத் தொடாமல் தட்டித் தள்ளினார். கேட்ட வரியோடு நிற்காமல், பார்க்க நன்றாயில்லை என்று மற்ற வரிகளின் முன்னால் இருந்த இடைவெளிகளையும் சுத்தம் செய்து சேவ் கொடுத்தார். அந்த ஃபைலில் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு; ஒன்று நகர்ந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கை என்ன வேகம்!" என்று பூரித்தார் ஒருவர். என் அப்பாதான்.

மறுபடியும் போன். பாதி படுத்திருந்த தளம் இப்போது முழுதாகப் படுத்துவிட்டதாம்.

"உங்க நெட்டு ஸ்லோங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பை வாங்கி, என் திருத்தம் இன்னும் காத்திருந்த எடிட்டருக்குப் போய் சேவ் கொடுத்தேன். அது நிறுத்திக் கேட்டது: இந்த ஃபைலை வேறு யாரோ மாற்றியிருக்கிறார். அவர் எழுதியதை அழித்து, நீங்கள் எழுதியதை வைக்கலாமா?

புடவையின் நிறம், பூவின் அளவு, நான் பேச வேண்டிய பேச்சு எல்லாம் காலையிலேயே மற்றவர்கள் முடிவு செய்தாகிவிட்டது. அன்று என் விருப்பத்தைக் கேட்டது அது ஒன்றுதான். 'ஆம்' என்று அழுத்தினேன். தளம் எழுந்துகொண்டது.

மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்தார். "வீட்டுக்குப் போய்க் கலந்துக்கிட்டு சொல்லி அனுப்பறோங்க."

"எதுக்குங்க சிரமம்?" என்றேன். "நானே இப்பச் சொல்லிடறேன்."