கூரை தொடாத சுவரும் என் இருமலும்

இருமல் மருந்துப் போத்தலின் மூடியைத் திருகியதும் எழுந்த வாசனை என்னை நேராகச் சின்ன வயதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. என்னை நிறுத்தி என்ன பயன், இருமல் நிற்க வேண்டாமா?

வாரக்கணக்கில் இதே பாடுதான். காய்ச்சல் வந்தது, போனது. இருமல் மட்டும் நெஞ்சைவிட்டு இறங்குவேனா என்கிறது. மூச்சுக்குழாய்கள் வீங்கியிருக்கின்றன, இது வைரஸ் வேலை, ஆண்டிபயாடிக் தேவையில்லை, நாளாகும் என்றார் டாக்டர். நாளாகும் என்று சொல்ல அவருக்கென்ன! என் அம்மா அசாம் ஜாவா என்கிற ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். நிமோனியாவில் விழுந்து பிழைத்து வந்தவள். பார்க்கப் போகலாம் என்று கிளம்பிய அன்று தம்பி போனில் மறித்துவிட்டான். "இருமல் நிக்கிற வரைக்கும் வராதண்ணே. அம்மா நெஞ்சு தாங்காது லா."

நியாயமான பேச்சுதான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

நான் இருக்கும் ரவாங்கில் மருந்துக்கடைப் பெண் சளி வருகிறதா, வறட்டு இருமலா என்று கேட்டாள். காலையில் சளி, மத்தியானம் வறட்டு, ராத்திரி இரண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. சளியை இளக்கும் மருந்து வேறு, இருமலை அடக்கும் மருந்து வேறு, இரண்டையும் சேர்த்துக் குடிக்கக்கூடாதாம். ரத்த அழுத்தம் இருப்பதால் மூக்கடைப்பு மாத்திரையும் கூடாதாம். ஆக, கூடாதவை போக எனக்கு மிஞ்சியது ஒரு சிரப்பும் தேனும் வெந்நீரும். வீட்டுக்கு வந்தால் குடும்ப வாட்சாப் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம். துளசி, தூதுவளை, மிளகு, மஞ்சள் பால். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் வீட்டில் மருந்து நிரந்தரக் குடியுரிமைக்கே மனுப் போட்டுவிட்டது.

இந்தச் சிரப்பின் வாசனை இருக்கிறதே, அப்படியே கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்துத் தண்ணி மருந்து. ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரெசர் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றித் தருவார். போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் அகப்பட்ட போத்தல் சோயா கிச்சாப் போத்தல். மருந்தும் கறுப்பு, கிச்சாப்பும் கறுப்பு. அம்மா அதை அடுப்புப் பக்கமே வைத்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீ நூடுல்ஸ் பிரட்டும்போது மருந்தைத் தாராளமாக ஊற்றிவிட்டாள். சுவருக்கு மேலிருந்து பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா குரல் கொடுத்தார். "என்னா லெச்சுமி, ஒங்கூட்டு மீ கோரேங்குல ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?" நாங்கள் யாரும் வாயில் வைக்கவில்லை. அப்பா மட்டும் தின்று முடித்தார். இருமல் அவருக்குத்தான், சரியாகப் போயிற்று.

சுவருக்கு மேலிருந்து என்றேனே, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் இருந்த எங்கள் லயத்தில் சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் தாளித்தால் ஐந்தாவது வீட்டில் தும்முவார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் லயம் முழுக்க இருமுவது கேட்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டே ஆள் சொல்லுவாள். இது தவமணி வீட்டுச் சின்னவன், வெறும் தொண்டைதான். அது கடைசி வீட்டுக் கிழவர், நெஞ்சில் கட்டியிருக்கிறது. விடிந்ததும் கற்பூரவல்லிச் சாறு அந்தந்த வீட்டுக்குப் போய்விடும். நான் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினாலும் விடமாட்டாள். தைலத்தோடு வந்து நிற்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். இருமக்கூட உரிமையில்லாத இடத்தில் மனுஷன் இருப்பானா? பெரியவனானதும் சுவர் கூரையை முட்டுகிற வீடாகப் பார்த்துத்தான் குடிபோவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சொன்னபடியே வாங்கினேன். ரவாங்கில் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில் கல்வீடு. எவ்வளவு வேண்டுமானாலும் இருமலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகமே மறந்துவிடும் போலிருக்கிறது. லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

நேற்று தம்பி போனை அம்மாவிடம் கொடுத்தான். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். காதில் விழவில்லை, மறுபடி கேட்டாள். நிமோனியாவுக்கு அப்புறம் காது ரொம்ப மந்தம் என்று தம்பி சொல்லியிருந்தான். இவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஏன் வரவில்லை என்றாள். இருமல் என்று கத்தினேன். தம்பியும் அவள் காதருகே கத்தினான்.

பிறகு சொன்னாள்: "இருமலா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. வர மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லிடுப்பா. அம்மா கோவிச்சுக்க மாட்டேன்."

இத்தனை நாளும் எதை அடக்க மருந்தாகக் குடித்துத் தொலைத்தேனோ, அதை அப்போது அடக்கவில்லை. போனை வாயோடு வைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து இருமினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினேன்.

அந்தப் பக்கம் அம்மா தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னாடா, அண்ணன் போனை வச்சிட்டானா?"