ஷீலாவுக்கு பிராட்பேண்ட் வந்த கதை

ஷீலா வீட்டு முன்னறையில் எப்போதும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை இருக்கும். கொடியில் ஷீட்டுகள் தொங்கும், அதற்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர். காதில் ஹெட்போனோடு அவள். அமெரிக்காவில் ஏதோ ஒரு டாக்டர் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பார். நமக்கு ஒன்றுமே விளங்காது... அவள் பாட்டுக்கு டைப் செய்துகொண்டே போவாள்.

உங்களில் சிலருக்கு அவளைத் தெரிந்திருக்கும். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, உதியன்குளங்கரைக்குக் கிழக்கே வீடு. சின்ன வயதில் வந்த போலியோவில் ஒரு கால் சூம்பிவிட்டது. நெய்யாற்றின்கரையில் என்னோடு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படித்தவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, ரிப்போர்ட்டாக டைப் செய்யும் வேலை. வகுப்பிலேயே அவளுக்குத்தான் நல்ல காது.

படிப்பு முடிந்ததும் நான் பாறசாலையிலிருந்து பாசஞ்சர் பிடித்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போனேன். அந்த நெரிசலில் அவளால் ஏற முடியாது. எங்கள் கம்பெனி மேடம் நல்ல மனுஷி. "வீட்டிலிருந்தே செய்யட்டும், சொன்ன நேரத்துக்கு ஃபைல் வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம்தான் சிக்கல்.

அப்போது டயல்-அப் காலம். போன் லைன் வழியாகத்தான் நெட். எவ்வளவு நேரம் போடுகிறோமோ அவ்வளவுக்கும் மீட்டர் ஓடும். ஒரு குரல் ஃபைல் இறங்கி முடியப்போகும்போது லைன் கட்டாகும்... மறுபடி முதலிலிருந்து. வாங்குகிற சம்பளத்தில் பெரும்பகுதி போன் பில்லுக்கே போயிற்று. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிற அவள் அப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"மக்கா, இவ ஆருக்காக்கும் வேல செய்யியா? கம்பெனிக்கா, டெலிபோன் ஆப்பீசுக்கா?"

டவுனில் பிராட்பேண்ட் வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரே தொகை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போடலாம். எங்கள் பக்கமும் வரும் என்றார்கள். ஓணத்துக்குள் என்றார்கள். அப்புறம் கிறிஸ்துமஸ். அப்புறம் கேபிள் வரவில்லை, அப்புறம் மழை, அப்புறம் எலெக்ஷன்...

கடைசியில் ஒருநாள் ஜங்ஷனில் ஆட்கள் கூடினார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர், ஆன்லைனில் அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர், மகன்களை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு கம்ப்யூட்டரிலாவது முகம் பார்க்க ஏங்கும் அம்மாமார். ஷீலாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனோம்.

ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார், மலையாளத்தில். "அடுத்த மாசம் சரியாவும். எக்ஸ்சேஞ்சில் நின்னு தூரமாணு, அதாணு பிரஷ்னம்."

எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரமாம், அதுதான் பிரச்சினையாம். அதே அடுத்த மாசம். கூட்டம் சத்தம் போட்டது. ஷீலா தடியை ஊன்றி முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை.

"சாறே, எனக்கு ஓசியில ஒண்ணும் வேண்டாம். மாசம் இவ்வளவுண்ணு சொல்லுங்க, நான் தாறேன். டாக்டரு ஒரு மருந்துக்க பேரு சொல்லுவாரு. அது சரிதானாண்ணு நெட்ல பாக்கணும். பாத்தா மீட்டர் ஓடும். பாக்காம அடிச்சா தப்பு வரும். அங்க ஒரு மனுஷனுக்க உயிராக்கும் சாறே. நான் எதைப் பாக்க?"

ஆபீசர் அவள் போன் நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மேலே எழுதுகிறேன் என்றார். எழுதினாரோ என்னவோ...

பிறகு கம்ப்யூட்டரில் செருகும் நெட் ஸ்டிக் வந்தது. ஆசையாக வாங்கினாள். அவள் வீட்டில் அது பிடித்தது தமிழ்நாட்டு டவரை. எல்லை அவ்வளவு பக்கம். உடனே ரோமிங்... சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெளிமாநிலக் கட்டணம். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், கொஞ்சம் மேற்கே தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்களாம்.

ஃபைல்கள் தாமதமாகிக்கொண்டே வந்தன. மேடம் எவ்வளவோ பொறுத்தார். இனி வேலை தர முடியாது என்று ஷீலாவிடம் நேரில் சொல்ல மனம் வராமல் என்னிடம் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"சரி மக்கா. நீ சாயா குடிச்சிட்டுப் போ."

பாதி சாயாவை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பிறகு பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். வருஷங்கள் போயின. கொரோனாவுக்குப் பிறகுதான் அந்தப் பக்கம் ஃபைபர் வந்தது. இரண்டு பையன்கள் பைக்கில் வந்து, ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இவ்வளவுதான் வேலை... அன்றைக்கே ஷீலா என்னைக் கூப்பிட்டாள். அப்படி ஒரு குரலை அவளிடம் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

"இனி எவ்வளவு போட்டாலும் ஒரே பைசாவாக்கும், கேட்டியா? மேடத்துக்கிட்ட எனக்க காரியம் ஒண்ணு கேளு."

மேடத்திடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அந்த வேலையை இப்போது சாஃப்ட்வேரே செய்கிறது. எங்கள் செக்‌ஷனை மூடிவிட்டார்கள், நானே பில்லிங்குக்கு மாறிவிட்டேன். அந்த முறையும் நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே வருகிறார், ஒன்றையும் முழுதாகப் பார்ப்பதில்லை. மேடையில் யாராவது "வீடுதோறும் இணையம்" என்று பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்கிறார்கள். ஷீலாவின் நல்ல வயசு முழுக்க அந்தக் கொஞ்சத்தில் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வயசான அப்பா டிவியில் யூடியூப் போட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். ஒன்று முடிந்து இன்னொன்று, அது முடிந்து வேறொன்று... பார்க்க ஆளில்லாமல் தானே ஓடிக்கொண்டிருந்தது. நான் ரிமோட்டை எடுத்தேன்.

ஷீலா டியூஷன் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

"அணைக்காண்டாம் மக்கா. கெடந்து ஓடட்டு."