செங்கம் ரோட்டுக்கு நான் எழுதிய வழி

காலை 6.20. வேலூரில் பஸ் ஏறினேன். எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம். தூரம் எண்பது கிலோமீட்டர் சொச்சம். வழியில் போளூரில் காபி எழுபத்தைந்து பைசா. வெந்நீர் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை. திருவண்ணாமலையில் இறங்கும்போது மணி ஒன்பது.

என் பள்ளித் தோழி சரோஜா செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்து, ஓர் அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். அப்போது மார்த்தா என்று அறுபது வயது அம்மாள் தங்கியிருந்தாள். வந்த நாளாகக் காய்ச்சலில் படுத்து, எழுந்து இரண்டே நாள். அன்று மலை சுற்றும் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைவரை நடந்து பார்க்க ஆசைப்பட்டாள்.

"திரும்பி வர வழிய இங்கிலீஷ்ல எழுதிக் குடுடி. நேத்து போஸ்டாபீஸ் போயிட்டு வீடு தெரியாம அழுதுட்டாங்க," என்றாள் சரோஜா.

பன்னிரண்டு வருஷமாக இங்கிலீஷ் டீச்சர் நான். அட், ஆன், இன் மூன்றையும் மாற்றிப் போடும் பிள்ளைகளுக்குச் சிவப்பு மை தாராளம். மணிக்கு அட், வலப்புறத்துக்கு ஆன், சந்துக்குள் என்பதற்கு இன் போட்டு எழுதினேன். வந்த வழியே திரும்பவும். பெட்டிக்கடை தாண்டி வலப்புறம் இரண்டாவது சந்து, மூன்றாவது வீடு. ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கலாம்.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பியவள் ஐந்துக்கு வரவில்லை. ஆறுக்கும் வரவில்லை.

"காய்ச்சல் ஒடம்பு, எங்க விழுந்து கெடக்குறாங்களோ," என்று சரோஜா வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். பிறகு, நான் என்னதான் எழுதினேன் என்று கேட்டாள். தமிழில் சொன்னேன்.

"வந்த வழியே திரும்பவா? அங்க யாருடி திரும்ப விடுவாங்க? மலைய எடமா சுத்தக் கூடாதுன்னு முன்னாடி அனுப்பியிருப்பாங்க. டவுன் வழியா முழுசா சுத்திக்கினு அந்தப் பக்கமா வருவாங்க."

அப்படி வந்தால் சரோஜாவின் சந்து இடப்புறம். வலப்புறம் இருப்பது மலை. ஏழு கிலோமீட்டருக்குப் பதில் நடந்தது பதினான்கு. இருவரும் மலைப் பக்கம் தேடிப் போனோம்.

ஆறே முக்காலுக்குக் கண்டுபிடித்தோம். மலையோரம் இரண்டாவது சந்து, மூன்றாவது வீட்டின் முன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் சீட்டு. அந்த வீட்டுப் பெண் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சரோஜா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் சீட்டு மிகத் தெளிவாக இருந்தது. எனக்குத்தான் வயதாகி, வலது இடது தெரியவில்லை," என்று மார்த்தா என்னிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டாள். தப்பு என்னுடையது என்றேன். இதில் ஒரு பிழையும் இல்லையே என்று சீட்டை நீட்டினாள்.

மறுநாள் ஏழு மணிக்கு வேலூர் பஸ். எங்கள் ஊர்க் கோட்டையை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கேட்பார் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு என் வகுப்புதான் நினைவில் ஓடியது. டீச்சர் தெளிவாகத்தான் சொன்னார், நம் மண்டைதான் மந்தம் என்று எத்தனை பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்? எனக்கு வெட்கமாக இருந்தது.