வள்ளக் கமிட்டியின் கரும்பலகை

1952-ம் வருஷம், சித்திரை மாதம். குழித்துறைக்குக் கீழே ஆற்றின் தென்கரையில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் அக்கரையில். இக்கரையில் நாங்களும் பனைமரங்களும் ஒரு பலசரக்குக் கடையும்தான். போய்வர ஒரே ஒரு கடத்து வள்ளம். அதன் அடிப்பலகை உளுத்துப் போயிருந்தது. கடத்துக்காரர் நடு ஆற்றில் வள்ளம் தள்ளும் கழுக்கோலைப் போட்டுவிட்டு, கமுகம்பாளையால் தண்ணீரைக் கோரி வெளியே ஊற்றுவார். ஏறினவர்களும் சும்மா இருக்க முடியாது, கூடவே ஊற்ற வேண்டும்.

சித்திரையில் பயமில்லை. இடுப்பளவுத் தண்ணீர், வள்ளம் முங்கினாலும் எழுந்து நின்றுகொள்ளலாம். வைகாசிப் பாதியில் மழை பிடித்தால் கதை வேறு. எங்கள் பக்கம் அதற்கு இடவப்பாதி என்று பெயர். ஆறு கரைமுட்ட ஓடும். முந்தின வருஷம் அப்படி ஓடியபோது, வலி எடுத்த ஒரு பெண்ணை அந்த வள்ளத்தில் ஏற்றி, பாதி ஆறு போய், தண்ணீர் ஏறுவதைக் கண்டு திருப்பிக்கொண்டு வந்தோம். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அதனால் அடுத்த இடவப்பாதிக்குள் புது வள்ளம் இறக்கியே தீர வேண்டும் என்று ஒரு கமிட்டி போட்டோம். தலைவர், எங்கள் ஊரில் குடியிருந்த தலைமையாசிரியர். வருகிற பொருளை வாங்கி வைக்கும் வேலை கடத்துக்காரருக்கு. அவர் ஆற்றை விட்டு எங்கும் போகமாட்டார், யார் என்ன தந்தார் என்பதை மறக்கவும் மாட்டார். எனக்கு விளம்பரக் காரியதரிசி பதவி. என் தகுதி இரண்டு. ஊரில் சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதில் கருப்பட்டிக் கூடை கட்டிக் கடைகடையாகப் போடுவதுதான் என் பிழைப்பு. அடுத்தது என் தொண்டை. நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டை என்று நினைத்து ஆள் கூடும்.

முதலில் தலைவர் ஒரு நோட்டீஸ் எழுதி அச்சடித்து வந்தார். "ஈகையே உருவான இதயம் படைத்த பெரியோர்காள்!" என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் போகும். வள்ளம் என்ற சொல் கடைசி வரியில்தான் வரும். வெயிலில் அலைந்து வீடு தவறாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் பலசரக்குக் கடையில் சீரகம் வாங்கினால், எங்கள் நோட்டீஸில்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"மொதலாளி, இது வள்ளத்துக்குள்ள நோட்டீஸாக்கும்!"

கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்லே. நல்ல கனமான பேப்பர். இன்னும் கொஞ்சம் அடிச்சா கொண்டு வா, மொளவுக்கும் ஆகும்."

ஊரிலேயே வசதியானவர் அவர்தான். வீட்டுக்கு மச்சு கட்ட என்று அயினிப் பலகைகளை அறுத்து, கொல்லையில் அடுக்கி வைத்திருந்தார். வள்ளத்துக்கு அயினியை விட நல்ல மரம் கிடையாது. அந்தப் பலகை கிடைத்தால் பாதி வள்ளம் முடிந்த மாதிரி. கேட்கும்போதெல்லாம், "பாப்போம்" என்பார். அந்த 'பாப்போம்' காதில் விழுந்தாலே எனக்குப் பல் கடிக்கத் தோன்றும்.

நோட்டீஸைத் தூக்கி எறிந்துவிட்டு, தகரத்தில் ஒரு ஊதுகுழாய் செய்து வாங்கினேன். காலையும் மாலையும் வீட்டு வாசல்களில் நின்று கத்தினேன். "வள்ளம் முங்குனா முங்குறது நீங்கதான்! தேங்காயோ, கோழியோ, கையில உள்ளதத் தாருங்க! சும்மா பாத்துட்டு நிக்காதீங்க!"

கடலோரத்திலிருந்து மீன் வாங்கி வந்து ஊரில் விற்கும் ஒரு அக்கா உண்டு. என்னை விட அவளுக்குத் தொண்டை பெரிது. அவள் வாசலில் நான் நின்று கத்தியபோது கூடையோடு வெளியே வந்தாள்.

"ஏலே, நீ கேக்குறதப் பாத்தா உனக்க அப்பன்கிட்ட ஊரே கடன் வாங்குனது போல இருக்கே! போலே, பைய போ!"

பத்து நாள் கத்தியதற்கு ஒரு வாழைக்குலையும், முட்டை இடுவதை நிறுத்திவிட்ட ஒரு கோழியும் கிடைத்தன.

பிறகு தலைவர், கொடுத்தவர்கள் பெயரை எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் ஆசை வரும் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு கரும்பலகையைத் தந்தார். வள்ளம் ஏறும் கடவில் இருந்த கொட்டகையில் அதைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் எழுதினேன். மேலே பெரிதாக, 'வள்ளத்துக்கு இன்னும் கொடுக்காதவர்கள்' என்று தலைப்பு. கீழே ஊரில் முக்கால்வாசிப் பேர்.

பள்ளிக்கூடத்துக்குப் போக வந்த தலைவர் அதைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டார். "குடுத்தவங்க பேர எழுதத்தானேப்பா பலகை தந்தேன்?"

"குடுத்தவங்க பேர எழுத ஒரு சிலேட்டே போரும் சார்."

அவர் வள்ளத்தில் ஏறி, அக்கரை சேரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பலகை வேலை செய்தது. நான் நினைத்த மாதிரி மட்டும் இல்லை. ஒருவர் வந்து தன் பெயரைப் பற்றிப் பேசவே இல்லை, தன் மச்சினன் பெயர் ஏன் விட்டுப்போயிற்று என்று கேட்டார். இன்னொருவர், "என்னைய அவனுக்குக் கீழ எழுதியிருக்கியே, நான் அவனுக்கு மூத்தவன்லா?" என்று சண்டைக்கு வந்தார். மேலே மாற்றி எழுதினேன். திருப்தியாகப் போய்விட்டார். மறுநாள் அவர் மனைவிதான் ஒரு சாக்குத் தேங்காயைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மீன்கார அக்கா ஒரு கடகம் கருவாட்டைத் தொப்பென்று என் காலடியில் வைத்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? இதுல எனக்க பேரு எது, காட்டு. நானே அழிக்கேன்." காட்டினேன். முந்தானையால் ஓங்கித் துடைத்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து போய்விட்டன. அந்த இரண்டு பேரும் தப்பித்தோம் என்று நினைத்தார்கள். கடத்துக்காரர் மறக்கவில்லை. வள்ளம் ஏற வந்தபோது நிறுத்தி வைத்துக் கேட்டு வாங்கிவிட்டார்.

இரண்டு வாரத்தில் பலகை கிட்டத்தட்டக் காலி. மிஞ்சியது ஒரே பெயர், கடைக்கார முதலாளி. நான் தினமும் காலையில் அதை அழித்து, முந்தின நாளை விடப் பெரிதாக எழுதினேன். அவர் கடையைத் திறக்கப் போகும்போது நின்று பார்ப்பார். ஒருநாள் என்னிடம், "சுழி சரியா வரல்லியே மக்கா, இன்னும் கொஞ்சம் வடிவா எழுதப்படாதா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் சாக்கட்டி இரண்டாக ஒடிந்தது. குளச்சலில் இருந்து வள்ளம் கட்டும் ஓடாவியும் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். 'மரம் இல்லாமல் நான் வந்து என்ன செய்ய, மழைக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கிறது என்று பார்த்தீர்களா' என்று.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. கருப்பட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கடவுக்கு வந்தேன். வழக்கத்தை விடக் கூட்டம். மீன்கார அக்கா நிற்கிறாள், தலைவர் நிற்கிறார், முதலாளி கடையைக்கூடத் திறக்காமல் நிற்கிறார். கொட்டகைக்குப் பக்கத்தில் அயினிப் பலகைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று கரும்பலகையைப் பார்த்தேன்.

'வள்ளத்துக்கு இன்னும் கொடுக்காதவர்கள்' என்ற என் கையெழுத்துக்குக் கீழே முதலாளியின் பெயர் இல்லை. கோணல்மாணலாக, பெரிதாக, என் பெயர்.

"எவன் எழுதினது இது?"

"நான்தான்," என்றார் கடத்துக்காரர், தண்ணீர் கோரிக்கொண்டே. "எழுத்து கோணலாத்தான் இருக்கும். பேரு சரிதானே?"

"ஓய், நான் வெயில்ல நாயா அலஞ்சேன்! தொண்டை கிழியக் கத்துனேன்!"

"அலஞ்ச. கத்துன. ஆரு இல்லேன்னா? என்ன தந்த?"

நான் கூடையின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

"மொதலாளி நேத்து சாயங்காலம் பலகையெல்லாம் எறக்கிட்டு, இனி ஆரு பாக்கின்னு கேட்டாரு. எனக்குக் கள்ளம் பறைய வராது பாத்துக்க."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கஞ்சன் இல்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவ்வளவுதான். வள்ளத்துக்காக ஊரையே திட்டுகிறவன் வள்ளத்துக்குக் கொடுத்தவன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாளில் இரண்டு தடவை சைக்கிளோடு அந்த வள்ளத்தில் ஏறுகிற ஆள் நான். ஒரு தேங்காய்கூடத் தரவில்லை.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "என்ன வேணும் உங்களுக்கு? இந்தா, இந்தச் சவத்தையே எடுத்துக்கிடுங்க!" என்று சைக்கிளைக் கொட்டகைத் தூணில் சாத்தினேன்.

"கூடையும் சேத்தா?" என்று கேட்டாள் மீன்கார அக்கா.

"கூடை கெடையாது!"

நான் மனசு மாறுவதற்குள் தலைவர் பாய்ந்து போய் என் பெயரை அழித்து, "நன்கொடை ஏற்கப்பட்டது" என்று சுத்தத் தமிழில் அறிவித்தார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஏலம். மரம் வந்துவிட்டது, ஓடாவியின் கூலிக்குத்தான் குறைவு. எங்கள் பக்கம் கோயில் விசேஷங்களில் ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காணிக்கையாக வந்த பொருளை ஏலத்தில் எடுத்தவர், காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்பவும் காணிக்கையாக வைக்கலாம். ஒரே சேவல் ஐந்தாறு பேர் கைமாறும். நாங்களும் அதே முறையில்தான் நடத்தினோம். ஏலம் கூவுவது யார்? விளம்பரக் காரியதரிசி. ஊதுகுழாயில் என் சைக்கிளை நானே கூவினேன்.

"பிரேக் பிடிக்குமா?" என்று ஒருவர் கேட்டார். பலகையில் தன்னை மேலே எழுதச் சொன்ன அதே ஆள்.

"பிடிக்கும்."

"உள்ளதச் சொல்லணும். எங்களுக்க பேரெல்லாம் உள்ளதத்தானே எழுதுன?"

"முன் பிரேக் பிடிக்காது. பின் டயர்ல ரெண்டு ஒட்டு. சீட்டு குத்தும். போருமா?"

"போரும். நல்ல சாதனம். நான் எடுக்கேன்."

எடுத்தார். காசைக் கொடுத்தார். மணியை நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "வள்ளத்துக்கே இருக்கட்டு" என்று திரும்ப வைத்தார். அடுத்து மீன்கார அக்கா. ஏறி உட்கார்ந்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினாள். என்னைத் தாண்டும்போது, "வழி விடுலே, பைய போக எனக்குத் தெரியாது!" என்றாள். சைக்கிளில் அன்று ஏறின மீன் வாடை கடைசிவரை போகவே இல்லை. தலைவர் எடுத்து, வேட்டி சங்கிலியில் சிக்கி, வேட்டிக்கும் சங்கிலிக்கும் நடுவே கொஞ்ச நேரம் தவித்து, திரும்ப வைத்தார். கரும்பலகையில் நான் பெயர் எழுதின ஆட்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள், மணி அடித்தார்கள், என்னை ஒரு வார்த்தை சொன்னார்கள், திரும்ப வைத்தார்கள்.

பாதியில்தான் எனக்கு உறைத்தது. இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கொடுத்தவர்கள். என்னைக் கேலி செய்கிற சாக்கில் இரண்டாம் தடவை கொடுக்கிறார்கள். என் ஊதுகுழாயும் கரும்பலகையும் மிரட்டி வாங்கினதை விட, சிரித்துக்கொண்டே அதிகம் கொடுத்தார்கள். ஊதுகுழாயை இறக்கிவைத்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பக் கூவினேன்.

கடைசியில் முதலாளி கேட்டார். எல்லாரையும் விட அதிகம். மூன்று தரம் சொல்லி முடித்தேன். காசைக் கொடுத்தார். அவரும் திரும்ப வைத்தால், அடுத்து நான் கடன்பட்டாவது எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மணி அடிக்கவில்லை. ஸ்டாண்டைத் தட்டிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

"மொதலாளி... திரும்ப வைக்கலியா?"

"பாப்போம்," என்றார்.

மழைக்கு மூன்று நாள் முன்னால் புது வள்ளம் ஆற்றில் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. கடத்துக்காரர் பழக்கதோஷத்தில் நடு ஆற்றில் கமுகம்பாளையைத் தேடினார். அந்த மழையில் வலி எடுத்த ஒரு பெண்ணை நேரத்துக்கு அக்கரை சேர்த்தோம். முந்தின வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்த அதே பெண். ஆண் குழந்தை. கத்தின கத்தலில், இவன்தான் அடுத்த விளம்பரக் காரியதரிசி என்றார்கள்.

நான் அந்த வள்ளத்தில் கருப்பட்டியைத் தலையில் சுமந்துகொண்டு போனேன். ஒரு மாதம் கழித்து முதலாளி கடை வாசலில் என் சைக்கிள் நின்றது. வாடகைக்காம். ஒன்றரை வருஷம் என் சைக்கிளை நானே வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். ஒருநாள் வாடகையைக்கூட அவர் விட்டுக்கொடுத்தது கிடையாது. திருப்பி விடும்போதெல்லாம் டயரை அழுத்திப் பார்த்து, "சூதானமா ஓட்டணும் மக்கா, அடுத்தவனுக்க சாதனமாக்கும்" என்பார். முன் பிரேக்கை மட்டும் அவர் செலவில் சரி செய்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு கிணறு, வாசகசாலை, பள்ளிக்கூடக் கூரை என்று எத்தனையோ கமிட்டிகளில் இதே வேலை பார்த்துவிட்டேன். குரல் குறையவில்லை, கோபமும் குறையவில்லை. ஆனால் ஒருத்தரிடம் 'கொடு' என்று கேட்க வாயைத் திறந்தால், அதற்கு முன்னாலேயே என் கை என் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது.